ஏழாவது கிலோமீட்டரில் ஒரு பிழை

எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்?
கோர்தலியின் ஒற்றைத் தெருவில் நான்கு நாள்
காவலர் கைகாட்டி நிறுத்திய ஒவ்வொரு வண்டியிடமும்
இந்த இரண்டைத்தான் கேட்டேன்.
பத்தூமியிலிருந்து பாகூவுக்கு, இரும்புக் குழாய்.
த்ராப்ஸோனிலிருந்து யெரெவானுக்கு, குளியலறை ஓடு.
குதாய்ஸியிலிருந்து திபிலீசிக்கு,
மருமகளுக்கு வலி கண்டுவிட்டது, விடுங்கள் ஐயா.
நடுவில் எங்கே நின்றீர்கள் என்று கேட்க
படிவத்தில் கட்டமில்லை.

நின்றார்கள்.
சியூரி க்வேலாட்ஸே சாலையோரம்
திராட்சையும் பட்டையும் மணக்கும் நஸுகி ரொட்டியை
முழங்கை நீளத்துக்கு உயர்த்திப் பிடிப்பாள்.
புகையில் அவள் வெள்ளை மேலங்கி
மதியத்துக்குள் சாம்பல் நிறமாகும்.
ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்றாள்.
மூவாயிரம்.
முப்பது நின்றால் போதும், நூறு லாரி தேறும் என்றாள்.
இந்த நாட்டில் காசின் பெயரும் அதுதான்.

அலுவலகத்துக் கணினிக்குள்
ஊர் ஒரு புள்ளி, சாலை ஒரு கோடு,
மனித நேரம் மணிக்கு ஆறு லாரி.
ஒருவன் இறங்கி, ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்து,
இன்னும் சூடானது இருக்கிறதா என்று கேட்டு,
கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஏறுகிற நான்கு நிமிடம்
'தாமதம்' என்ற தலைப்பின் கீழ் நட்டமாக விழுந்தது.
பிப்ரவரியில் பால்வண்டி
ஏதேரியின் பையன்மேல் ஏறியபோது
போக்குவரத்து நாற்பது நிமிடம் நின்றது.
அதையும் அதே தலைப்பின் கீழ்தான் எழுதினோம்.

ஆகவே புறவழிச்சாலை வேண்டும் என்று
ஊரே கையெழுத்திட்டது. சியூரியும்.
அவள் கையெழுத்தின் மேல் மாவு.

திறந்த மறுநாள்
பதினோராயிரத்து நானூறு வண்டி
ஆயிரத்து அறுநூறானது.
ராத்திரி ஆற்றின் சத்தம் கேட்டு
பாதி ஊர் தூங்கவில்லையாம்.
மிச்சமிருந்த கார்கள் காலித் தெருவைப் பார்த்துப் பறந்தன.
முன்பு நெரிசலுக்குள் புகுந்து கடந்த கிழவர் வலிகோ
இப்போது வெறும் சாலையின் ஓரத்தில்
நெடுநேரம் நிற்கிறார்.

புதிய சாலைக்கு நாங்கள் சொன்னது ஒன்பதாயிரத்து எழுநூறு.
மூன்றாம் ஆண்டில் பதினைந்தாயிரம்.
இவை எங்கே இருந்தன இவ்வளவு நாள்?
ரயிலில் போனவை, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவை,
போகவேண்டாம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவை.
சாலை அகலமென்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டன.
சுரங்கத்தின் வாயில்
காலை எட்டரைக்கு ஒருவரும் நகர்வதில்லை.
எனக்கு வெட்கமாக இருந்தது, பழகிவிட்டது.

பழகாதது இது:
ஏழு புள்ளி நான்காம் கிலோமீட்டர்.
வளைவில்லை, ஏற்றமில்லை, சந்திப்பில்லை.
தினமும் பத்தரையிலிருந்து நாலு மணி வரை
வலப்பக்கத் தடத்தில் வேகம்
தொண்ணூற்றாறிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்குகிறது.

போய்ப் பார்த்தேன்.
கம்பிவேலியை வெட்டி, முனைகள் கிழிக்காதபடி
பொறுமையாக மடித்திருந்தார்கள்.
சரிவில் ஏற, விழுந்துகிடந்த எங்கள் பெயர்ப்பலகையே படி.
ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டியில்,
மெத்தைக்குள் போர்த்தி, ரொட்டி.
தள்ளுவண்டி ஏதேரியுடையது. தெரிந்தும் நான் கேட்கவில்லை.
பின்விளக்கு துடிக்க ஓட்டு லாரி ஒன்று நின்றிருந்தது.
தொண்ணூற்றாறு கிலோமீட்டர் வேகம்
நிற்கிற உடம்பை என்ன செய்யும் என்று
எனக்குத் தசமப் புள்ளிவரை தெரியும்.
சியூரிக்கு என்னை அடையாளம் தெரிந்தது.
எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சிரித்தாள்.
இரண்டு வாங்கினேன்.

அறிக்கையில் முதலில்
'கருவிப் பிழையாக இருக்கலாம்' என்று எழுதினேன்.
இரவில் அழித்தேன்.
நூற்றிருபது மீட்டர் நிறுத்துதடம், தடுப்புச்சுவருடன்,
பரிந்துரைக்கப்படுகிறது.
காரணம்: பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
பழுது. ஓய்வு. அவசரம்.
ரொட்டி இல்லை.
விசைப்பலகையில் விழுந்த திராட்சையை எடுத்துத் தின்றுவிட்டு
அவசரம் என்று அழுத்தினேன்.